வீட்டு நீச்சல்குளத்தில் பாசி: போக்குவதும் திரும்ப வராமல் காப்பதும்

குளம் பச்சையாகிவிட்டால் நம் ஊரில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கும். தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, சுவரை ஆசிட் ஊற்றிக் கழுவி, லாரித் தண்ணீர் வாங்கி நிரப்புவார்கள். இல்லையென்றால் மயில் துத்தத்தைக் கரைத்து ஊற்றிவிட்டுக் காத்திருப்பார்கள். எதைச் செய்தாலும் சில வாரங்களில் சுவர் மறுபடி வழுக்க ஆரம்பிக்கும். தண்ணீரில் குளோரின் போதுமான அளவில், ஒருநாள்கூட விட்டுப்போகாமல் இருக்க வேண்டும். அது இல்லாதவரை எத்தனை முறை தண்ணீரை மாற்றினாலும் பாசி வரும்.

2016 ரியோ ஒலிம்பிக்கில் டைவிங் குளம் உலகமே பார்க்கப் பச்சையானது நினைவிருக்கலாம். குளத்தில் 80 லிட்டர் ஹைட்ரஜன் பெராக்சைடைக் கொட்டிவிட்டார்கள். அது குளோரினைச் செயலிழக்கச் செய்துவிட்டது. அடுத்த சில நாட்களில் நிறம் மாறிவிட்டது. அத்தனை ஆட்களும் கருவிகளும் இருந்த இடத்திலேயே அப்படி என்றால், சித்திரை வெயிலில் வாரம் ஒருமுறை மட்டும் எட்டிப் பார்க்கப்படும் வீட்டுக் குளத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாகக் குளம் கட்டியவர்களுக்காகவும், குளத்தோடு வீடு வாங்கியவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். டைல்ஸ் ஒட்டிய கான்கிரீட் குளம், மணல் ஃபில்டர், ஒரு பம்ப் என்ற வழக்கமான அமைப்பை மனதில் வைத்துக்கொள்கிறேன்.

முதலில் உங்கள் குளத்தின் கொள்ளளவு

இது தெரியாமல் எந்த மருந்தையும் அளந்து போட முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் வரும். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி 1.25 மீட்டர் ஆழம் என்றால் 40,000 லிட்டர். இந்தக் குளத்தையே கட்டுரை முழுக்க உதாரணமாக வைத்துக்கொள்வோம்.

குளோரினை பிபிஎம் கணக்கில் சொல்வார்கள். 1000 லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் குளோரின் என்றால் 1 பிபிஎம். நம் குளத்துக்கு 1 பிபிஎம் ஏற்ற 40 கிராம் குளோரின் வேண்டும். 10 சதவீத திரவ ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல்) அது சுமார் 400 மில்லி. 65 சதவீத கால்சியம் ஹைப்போகுளோரைட் தூளில் சுமார் 60 கிராம். இந்த இரண்டு எண்களையும் உங்கள் குளத்துக்குக் கணக்கிட்டு, பம்ப் அறைச் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

திரவ ஹைப்போ வெப்பத்தில் வேகமாக வீரியம் இழக்கும். மொட்டை மாடியில் ஒரு மாதம் வெயிலில் கிடந்த கேனை நம்பி அளவு போட்டால் கணக்கு தப்பிவிடும். தேவைக்கு மட்டும் வாங்கி நிழலில் வையுங்கள்.

யாரும் சொல்லாத சயனூரிக் ஆசிட்

என்னைக் கேட்டால், நம் ஊர் வீட்டுக் குளங்களில் தீராத பாசிக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வெயிலின் புற ஊதாக் கதிர் குளோரினை அழித்துவிடும். பாதுகாப்பு எதுவும் இல்லாத குளோரின் நண்பகல் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே பாதியாகிவிடும். அதைத் தடுக்க சயனூரிக் ஆசிட் என்ற பொருள் உதவுகிறது. குளோரினைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். 30 முதல் 50 பிபிஎம் வரை இருந்தால் நல்லது. அதற்கு மேல் போகப் போக, குளோரினை அளவுக்கு மீறிப் பிடித்துக்கொள்கிறது. சோதனையில் 2 பிபிஎம் என்று காட்டும். ஆனால் பாசியைக் கொல்லும் அளவுக்கு வேலை நடக்காது.

கடையில் டிசிசிஏ 90 என்று மாத்திரையாகவும் தூளாகவும் தருகிறார்களே, அதில் குளோரினோடு சயனூரிக் ஆசிடும் சேர்ந்தே இருக்கிறது. அதைக்கொண்டு 10 பிபிஎம் குளோரின் ஏற்றினால் கூடவே 6 பிபிஎம் சயனூரிக் ஆசிடும் ஏறும். ஒரு நாளைக்கு 2 பிபிஎம் குளோரின் செலவாகும் குளத்தில் இதை மட்டுமே போட்டு வந்தால், ஒரு மாதத்தில் 36 பிபிஎம் சேர்ந்துவிடும். மூன்று மாதத்தில் நூறைத் தாண்டும். குளோரின் செலவாகிவிடுகிறது, சயனூரிக் ஆசிட் தங்கிவிடுகிறது. தண்ணீர் ஆவியாவதாலும் அது குறையாது. "தினமும் மாத்திரை போடுகிறோம், இருந்தும் பாசி வருகிறது" என்பவர்கள் முதலில் சோதிக்க வேண்டியது இதைத்தான்.

கூடிவிட்டால் குறைக்க ஒரே நடைமுறை வழி, தண்ணீரில் ஒரு பகுதியை வெளியேற்றிப் புதுத் தண்ணீர் விடுவது. 100 பிபிஎம் இருந்தால் பாதியை மாற்றினால் 50-க்கு வரும்.

இந்த அளவைப் பொறுத்துத்தான் குளோரின் எவ்வளவு வேண்டும் என்பதும் மாறுகிறது. சயனூரிக் ஆசிட் 30 இருந்தால் குளோரினை 4 பிபிஎம் அளவில் வைத்துக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் 2-க்குக் கீழே போகக் கூடாது. பாசியைக் கொல்ல 12 பிபிஎம் வேண்டும். 50 இருந்தால் அன்றாட அளவு 6, அடிமட்டம் 4, பாசியைக் கொல்ல 20. 80 இருந்தால் கொல்லும் அளவு 31 பிபிஎம் வரை போகிறது. அந்த நிலையில் மருந்துக்குச் செலவழிப்பதைவிடத் தண்ணீரைப் பகுதியாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது லாபம்.

சோதிக்கும் பெட்டி

குளத்தோடு கொடுக்கும் மலிவான பெட்டியில் மஞ்சள் நிறம் காட்டும் சொட்டு மருந்து இருக்கும். அது மொத்தக் குளோரினைக் காட்டும். அழுக்கோடு சேர்ந்து ஏற்கெனவே வலுவிழந்த குளோரினும் அதில் அடக்கம். நமக்கு வேண்டியது மிச்சமிருக்கும் வீரியமான குளோரின், அதாவது ஃப்ரீ குளோரின். அதற்கு இளஞ்சிவப்பு நிறம் காட்டும் டிபிடி வகைப் பெட்டி வாங்குங்கள். சயனூரிக் ஆசிடும் சோதிக்கக்கூடியதாக இருந்தால் நல்லது.

ஒரு எச்சரிக்கை. குளோரின் மிக அதிகமாக இருந்தால் டிபிடி நிறம் வெளுத்துப் போய், குளோரினே இல்லாததுபோல் காட்டும். சந்தேகம் வந்தால் குளத்துத் தண்ணீர் ஒரு பங்கோடு கேன் குடிநீர் மூன்று பங்கு கலந்து சோதித்து, வந்த எண்ணை நான்கால் பெருக்கிக்கொள்ளுங்கள். பிஹெச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைச் சொல்லும் எண்) சோதனையும் குளோரின் 10 பிபிஎம்-க்கு மேல் இருந்தால் நம்ப முடியாது. அதனால்தான் பிஹெச்சை முன்கூட்டியே சரிசெய்துவிடச் சொல்கிறார்கள்.

வந்திருப்பது என்ன பாசி?

பச்சைப் பாசிதான் அதிகம் வருவது. தண்ணீரே பச்சையாகும், சுவர் வழவழக்கும். அகற்ற எளிதானதும் இதுதான்.

மஞ்சள் பாசி நிழல் விழும் பக்கத்துச் சுவரிலும் படி மூலையிலும் புழுதி படிந்ததுபோல் இருக்கும். பிரஷ் பட்டதும் புகைபோல் கலைந்துவிடும். இரண்டு நாளில் அதே இடத்தில் வந்து உட்காரும். மணல் என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் நிறையப் பேர்.

கரும்பாசி, டைல்ஸ் இடுக்கில் கறுப்புப் புள்ளியாக ஒட்டிக்கொண்டிருக்கும். தேய்த்தாலும் முழுதாகப் போகாது. இது உண்மையில் சயனோபாக்டீரியா என்ற நுண்ணுயிர் வகை. மேலே ஒரு கெட்டியான உறை இருப்பதால் குளோரின் உள்ளே இறங்குவதில்லை.

பாசியே இல்லாமலும் தண்ணீர் பச்சையாகலாம். போர் தண்ணீரில் இரும்பு இருந்தால், குளோரின் போட்டதும் தெளிந்த நிலையிலேயே பச்சையாகவோ தேநீர் நிறத்திலோ மாறும். சுவர் வழுக்காது. வெள்ளை வாளியில் குளத்துத் தண்ணீரை எடுத்துக் கொஞ்சம் ஹைப்போ விட்டுப் பாருங்கள். நிறம் வெளுத்தால் பாசி, கூடினால் இரும்பு. இரும்பைப் பாசி என்று நினைத்துக் குளோரினைக் கொட்டிக்கொண்டே போனால் கறைதான் மிஞ்சும்.

சுத்தம் செய்யும் முறை

தொடங்குமுன்: அடித்தளம் கண்ணுக்குத் தெரியாத குளத்தில் யாரும் இறங்கக் கூடாது. உள்ளே ஒரு குழந்தை விழுந்தால்கூட மேலிருந்து தெரியாது. வேலை முடியும்வரை கேட்டைப் பூட்டியே வையுங்கள். பச்சைத் தண்ணீரில் பம்ப் ஓடாமல் கிடந்தால் கொசுவும் முட்டையிடும், அதனால் தள்ளிப் போடவும் வேண்டாம்.

முதல் வேலை குப்பையை அள்ளுவது. இலை, தென்னம்பூ, வேப்பம்பூ எல்லாம் அடியில் ஊறிக் கிடக்கும். ஆழமான வலையால் முடிந்தவரை வாருங்கள். இலை மக்கிக்கொண்டிருக்கும்வரை போடும் குளோரினை அதுவே தின்றுவிடும். ஸ்கிம்மர் (மேல்மட்டக் குப்பையை இழுக்கும் சுவர் வாய்) கூடை, பம்ப் கூடை இரண்டையும் கழுவி, ஃபில்டரை ஒருமுறை பேக்வாஷ் செய்துவிடுங்கள், அதாவது தண்ணீரை எதிர்த்திசையில் ஓடவிட்டு மணலைக் கழுவுங்கள். பிறகு ஃபில்டரின் அழுத்தமானியில் முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து பிஹெச். 7.2-க்குக் கொண்டு வாருங்கள். பிஹெச் 8-ஐ நெருங்கினால் குளோரினின் வேகம் மிகவும் குறைந்துவிடும். நம் போர் தண்ணீர் பெரும்பாலும் கடினத் தண்ணீர் என்பதால் பிஹெச் மேலேதான் ஏறிக்கொண்டிருக்கும். ஹைட்ரோகுளோரிக் ஆசிடை ஒரு தடவைக்கு 250 மில்லி, பம்ப் ஓடும்போது, தண்ணீர் குளத்துக்குள் வரும் குழாய் அருகே மெல்ல ஊற்றி, ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். ஆசிடைத் தண்ணீரில் ஊற்ற வேண்டும். ஆசிட் இருக்கும் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றவே கூடாது.

சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு குளோரின். சயனூரிக் ஆசிட் 30 இருக்கும் நம் 40,000 லிட்டர் குளத்துக்கு 12 பிபிஎம் ஏற்ற, 10 சதவீத ஹைப்போ கிட்டத்தட்ட 5 லிட்டர். சயனூரிக் ஆசிட் 50 என்றால் 8 லிட்டர். பம்பை ஓடவிட்டுக் குளத்தைச் சுற்றி வந்து ஊற்றுங்கள். இந்த வேலைக்கு டிசிசிஏ வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான்.

அப்புறம் பிரஷ். பாசிப் படலத்தைக் கிழித்துவிட்டால்தான் மருந்து உள்ளே இறங்கும். சுவர், தரை மட்டும் தேய்த்துவிட்டு நிறுத்திவிடாதீர்கள். ஏணிக்குப் பின்புறம், விளக்குக் குழி, படி மூலை, ஸ்கிம்மர் வாய் எல்லாவற்றையும் தேய்க்க வேண்டும். ஓரத்தில் ஜல்லடை வைத்து வழிந்தோடும் வகைக் குளம் என்றால் ஜல்லடையைக் கழற்றி வாய்க்காலைத் தேய்த்து, வழிந்த தண்ணீர் சேரும் பேலன்சிங் டேங்க்கையும் திறந்து பாருங்கள். பளிச்சென்று தெரியும் குளத்தில் பாசி திரும்பத் திரும்ப வந்தால், அது இந்த டேங்க்கிலும் வாய்க்காலிலும் ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இனிமேல்தான் பலர் தவறவிடும் கட்டம். ஒருமுறை ஹைப்போ ஊற்றிவிட்டு மறுநாள் வந்து பார்த்தால் குளோரின் பூஜ்யத்தில் இருக்கும். பாசியைக் கொல்வதில் அது செலவாகிவிட்டது; மிச்சப் பாசி மறுபடி வளரத் தொடங்கியிருக்கும். முதல் நாள் சில மணி நேரத்துக்கு ஒருமுறை சோதித்து, எவ்வளவு குறைந்திருக்கிறதோ அதை உடனே ஊற்றி ஈடுகட்டி, 12-லேயே பிடித்து நிறுத்துங்கள். பம்ப் இரவு பகலாக ஓடட்டும். ஆரம்பத்தில் மருந்து மளமளவென்று தீர்ந்து போவதுபோல் தோன்றும். அடுத்தடுத்த நாட்களில் செலவு தானாகக் குறையும். தினமும் பிரஷ் செய்யுங்கள். அழுத்தமானி முள், குறித்து வைத்த இடத்திலிருந்து 8 முதல் 10 பிஎஸ்ஐ ஏறினால் பேக்வாஷ்.

பச்சை போய்ச் சாம்பல் நிறம் வரும், பிறகு பால் கலந்ததுபோல் வெண்மை. அது செத்த பாசி. மணல் ஃபில்டர் அதைப் பிடித்து முடிக்கச் சில நாட்கள் எடுக்கும். அவசரமாகத் தெளிய வேண்டுமென்றால் கடைசிக் கட்டத்தில் படிகாரம் போடலாம். கரைத்து ஊற்றி, பம்பை நிறுத்தி, இரவு முழுக்க அசையாமல் விட்டால் எல்லாம் அடியில் படியும். காலையில் ஃபில்டரின் மல்டிபோர்ட் வால்வை (தண்ணீர் போகும் வழியை மாற்றும் கைப்பிடி) வேஸ்ட் நிலையில் வைத்து மெல்ல வாக்குவம் செய்து வெளியே தள்ளுங்கள். ஃபில்டர் வழியாக இழுத்தால் மணல் அடைத்துக்கொள்ளும்.

வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள மூன்று விஷயங்களைப் பாருங்கள். ஆழமான பக்கத்தில் அடியில் கிடக்கும் நாணயம் தெளிவாகத் தெரிய வேண்டும். மொத்தக் குளோரினுக்கும் ஃப்ரீ குளோரினுக்கும் வித்தியாசம் 0.5 பிபிஎம்-க்கு மேல் இருக்கக் கூடாது. இரவு படுக்கும்போது எடுத்த அளவுக்கும், சூரியன் ஏறுமுன் எடுத்த அளவுக்கும் 1 பிபிஎம்-க்கு மேல் குறைந்திருக்கக் கூடாது. இரவில் வெயில் இல்லை. அப்போதும் குளோரின் குறைகிறது என்றால் அதைத் தின்ன உள்ளே ஏதோ உயிரோடு இருக்கிறது. தண்ணீர் தெளிந்துவிட்டதே என்று அங்கே நிறுத்திவிட்டால் பட்ட பாடு வீண். மூன்றும் சரியாக இருந்து, குளோரின் அன்றாட அளவுக்கு இறங்கிய பிறகு குழந்தைகளை இறக்கலாம்.

மஞ்சளும் கறுப்பும்

மஞ்சள் பாசிக்கு மேலே சொன்ன வேலை முழுவதும் முடிந்த பிறகு, ஒருநாள் முழுக்கக் குளோரினைச் சயனூரிக் ஆசிடின் 60 சதவீத அளவுக்கு ஏற்றி வையுங்கள். 30 இருந்தால் 18 பிபிஎம். விளக்கைக் கழற்றிப் பின்புறத்தையும் தேய்க்க வேண்டும். வலை, பிரஷ், மிதக்கும் பொம்மை, காற்று வளையம் எல்லாவற்றையும் குளத்திலேயே ஊறப் போடுங்கள். இவற்றில் ஒட்டிக்கொண்டு மறுபடி உள்ளே வரும்.

கரும்பாசிக்குப் பொறுமை வேண்டும். டைல்ஸ் இடுக்கைச் சிறிய ஸ்டீல் பிரஷால் அழுத்தித் தேய்த்து உறையை உடைத்த பிறகுதான் குளோரின் வேலை செய்யும். டைல்ஸின் பளபளப்பில் ஸ்டீல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபைபர், வினைல் குளங்களுக்கு நைலான் பிரஷ் மட்டுமே. டைல்ஸ் இடுக்கில் இருக்கும் புள்ளியின் மேல் டிசிசிஏ மாத்திரையைக் கையுறையோடு பிடித்துத் தேய்ப்பது பலன் தரும். ஒரே நாளில் போகாது. இடுக்குச் சிமெண்ட் பெயர்ந்து குழியாகியிருந்தால், அந்த இடத்தைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசினால் ஒழிய அங்கே மீண்டும் வரும்.

செய்யக் கூடாதவை

டிசிசிஏவையும் கால்சியம் ஹைப்போகுளோரைட்டையும் ஒன்றாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஒரே கரண்டியை இரண்டுக்கும் பயன்படுத்துவதே ஆபத்து. ஆசிடும் ஹைப்போவும் கலந்தால் குளோரின் வாயு வரும். மூடிய பம்ப் அறையில் அது உயிரைப் பறிக்கும். இந்த டப்பாக்களைத் தனித்தனி இடத்தில், காற்றோட்டத்தில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். வேலைக்கு வருபவருக்கும் இதை வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

மயில் துத்தம் என்பது செம்பு உப்பு. பாசியைக் கட்டுப்படுத்தும், உண்மைதான். ஆனால் செம்பு தண்ணீரிலேயே தங்கிச் சேர்ந்துகொண்டே போகும். பிஹெச் ஏறும்போது சுவரில் கறையாகப் படியும். குளோரின் அளவை ஒழுங்காக வைத்திருப்பவருக்கு அது தேவைப்படாது.

மழைக்காலத்தில் குளத்தை முழுதாகக் காலி செய்யாதீர்கள். நிலத்தடி நீர் மேலே இருக்கும்போது வெற்றுக் குளத்தை அது அடியிலிருந்து தூக்கும். கான்கிரீட் விரிசல் விடும். ஃபைபர் குளம் அப்படியே மேலெழும்பிவிடும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய மணற்பாங்கான இடங்களில் ஐப்பசி, கார்த்திகையில் இது நிஜமான அபாயம்.

பருவத்துக்கு ஏற்ற கவனிப்பு

பங்குனியிலிருந்து ஆனி வரை தண்ணீர் சூடாக இருக்கும். பாசியும் வேகமாக வளரும், குளோரினும் வேகமாகச் செலவாகும். தினமும் சாயங்காலம் சோதியுங்கள். பம்ப் 8 மணி நேரமாவது, பகலில் ஓட வேண்டும். கரண்ட் போய் வந்தால் பழைய வகை டைமர் அவ்வளவு நேரம் பின்தங்கிவிடும். பகலில் ஓட வேண்டிய பம்ப் மெல்ல மெல்ல நள்ளிரவுக்கு நகர்ந்திருக்கும். வாரம் ஒருமுறை டைமரைப் பாருங்கள்.

ஆடிக் காற்றில் இலையும் புழுதியும் வந்து விழும், ஸ்கிம்மர் கூடையைத் தினமும் காலி செய்ய வேண்டும். வடகிழக்குப் பருவமழையில் தண்ணீர் வழிந்து வழிந்து குளோரினும் சயனூரிக் ஆசிடும் நீர்த்துப்போகும். பெருமழை விட்டதும் இரண்டையும் சோதித்து ஈடுகட்டுங்கள். புல்தரைக்குப் போட்ட உரம் மழையில் கரைந்து குளத்துக்குள் வந்தால் பாசிக்கு அது நல்ல தீனி. தோட்டத்துச் சரிவு குளத்தை நோக்கி இருந்தால் நடுவில் ஒரு சிறிய வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பிவிடுங்கள்.

எந்தப் பருவமானாலும் வாரம் ஒருமுறை முழுக் குளத்தையும் பிரஷ் செய்வதை விடாதீர்கள், கண்ணுக்கு எதுவும் தெரியாவிட்டாலும்கூட.

ஊருக்குப் போகும்போது, முந்தைய சாயங்காலம் குளோரினை அன்றாட அளவைவிடச் சற்று மேலே ஏற்றி, டைமரைச் சரிபார்த்துவிட்டுப் போங்கள். சில நாட்களுக்கு மட்டும் மிதவையில் டிசிசிஏ மாத்திரை போட்டு வைக்கலாம். திரும்பி வந்ததும் எடுத்துவிட்டு ஹைப்போவுக்கு மாறிவிடுங்கள். அதற்கு மேல் நாளானால் ஒருவரிடம் பொறுப்பை ஒப்படைக்க வேண்டும். அவரிடம் "குளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள் அண்ணே" என்று மட்டும் சொன்னால் போதாது. சோதிக்கும் முறையை அவர் கையாலேயே ஒருமுறை செய்து பார்க்கச் சொல்லுங்கள். அளவுக் குவளையில் ஒரு கோடு போட்டு, "குளோரின் 3-க்குக் கீழே காட்டினால் இந்தக் கோடு வரை ஊற்றுங்கள்" என்று காட்டுங்கள். தினமும் சாயங்காலம் சோதனைக் குழாயை நிற அட்டையோடு சேர்த்து ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.